தொட்டிக்கு எந்த மண்

ஜூலை 13, ஞாயிறு

மனநல டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என் மகன் நவநீதன் எப்போது எழுந்தான், என்ன சாப்பிட்டான், யாரோடு பேசினான் என்று தினமும் குறித்துவைக்க வேண்டுமாம். கோயமுத்தூரில் இரும்பு வார்க்கிற பவுண்டரி நடத்தி, தினமும் கணக்கு எழுதுகிறவளுக்கு இது பெரிய வேலை இல்லை. இரும்பு வியாபாரி கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது.

எழுந்தது தாமதம். இரண்டு இட்லி. பேச்சு: "போதும்", "தண்ணி", "கதவு தெறந்தே இருக்கட்டும்."

திறந்துதான் இருக்க வேண்டும். உள்தாழ்ப்பாளைத்தான் கழற்றிவிட்டேனே. துரு ஏறிவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி பவுண்டரி மேஸ்திரி மருதாசலத்தை விட்டுக் கழற்றினேன். மருதாசலம் என் வீட்டுக்காரர் காலத்து ஆள்; ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புதுத் தாழ்ப்பாள் எப்போது வரும் என்று நவநீதனும் கேட்கவில்லை.

மாத்திரைகள் என் பீரோவில். சாவி என் இடுப்பில். பெங்களூரில் அவன் தனக்குச் செய்துகொள்ளப் பார்த்தது இங்கே நடக்கக் கூடாது.

ஜூலை 16, புதன்

இன்று அவனே வாய் திறந்து ஒன்று கேட்டான். மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா, இங்க ஒரு கடல்தொட்டி வெக்கலாமா?" என்றான்.

அவன் கேட்டு முடிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

"எவ்வளவு பெருசுன்னு நீ கேக்கவே இல்லியே."

"எவ்வளவு பெருசானாலும் செரி, கண்ணு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பெங்களூரில் வேலை பார்த்தபோது அறையில் சின்னதாக ஒரு தொட்டி வைத்திருந்தான். அவனை இங்கே கூட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அதை உடன் தங்கியிருந்த பையன் பார்த்துக்கொள்கிறானாம். போனில் படம் காட்டினான். மீன் தொட்டி என்றுதான் நினைத்தேன். மீன் ரெண்டே ரெண்டுதான். மற்றதெல்லாம் மென்பவளம். கல்லு மாதிரி இருக்காதாம், எலும்பு கிடையாதாம். ஒன்று பெரிய நாய்க்குடை மாதிரி, மேலெல்லாம் பூ. இன்னொன்று விரல்களை மூடி மூடித் திறக்கிறது.

"இது செடியாடா?"

"இல்லம்மா. உசுருள்ள பிராணி."

ஒரு தட்டு சோறு முழுசாகச் சாப்பிட்டான்.

ஜூலை 20, ஞாயிறு

என் கூடப்பிறந்த அண்ணன் குழந்தைவேலு வந்திருந்தார். தொட்டி விஷயத்தைக் கேட்டதும், "ஆடி மாசத்துல யாராச்சும் புதுசா ஒண்ணு ஆரம்பிப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும்" என்றார். அதற்கு நவநீதன் சிரித்தான். சத்தம் வரவில்லை, ஆனாலும் சிரிப்புதான்.

தொட்டியை வீட்டை ஒட்டிய பவுண்டரியின் முன்னாலிருக்கும் ஆபீஸ் ரூமில் வைப்பதாக முடிவு. நாலடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்தால் மாடி தாங்காது. ஆபீஸில் ஏ.சி. இருக்கிறது, கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கு வைத்த யூ.பி.எஸ். இருக்கிறது. எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. தொட்டி கீழே இருந்தால் அவன் மாடியை விட்டுக் கீழே இறங்கி வர வேண்டும்.

அண்ணன் அடுக்களைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சம்பூர்ணம், அவன் மனசு கோணாம நடந்துக்கோ. எதுக்கும் முடியாதுன்னு சொல்லிப்போடாதே. உன்ற வாய் இருக்குதே, அது போதும், ஆள மடக்கிப்போடும்."

டாக்டரம்மா வேறு மாதிரி சொன்னார்கள். எப்போதும் போல இயல்பாகப் பேசுங்கள் என்றார்கள். என் இயல்பு அவர்களுக்கு என்ன தெரியும்? இரும்பு உருகும் சத்தத்துக்கு மேலே கத்தியே பழகினவள் நான். மண்ணில் அச்சு எடுக்கும் மோல்டிங் பெட்டியைக் கோணலாக மூடினவனை நான் கேட்ட கேள்வியில் அவன் மறுநாள் வேலைக்கே வரவில்லை. அந்த வாயால் இனி என் பிள்ளையிடம் பேச மாட்டேன். அண்ணன் சொல்வதுதான் சரி.

ஜூலை 27, ஞாயிறு

மண் பிரச்சினை.

தொட்டிக்கு அடியில் என்ன போடுவது என்று ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறான். நம் பவுண்டரியில் மூட்டை மூட்டையாக சிலிக்கா மண் கிடக்கிறதே, அலசிப் போடேன் என்றேன். அது வெறும் கண்ணாடித்தூள்தானாம். சிப்பியும் சுண்ணாம்பும் நைந்து உண்டான கடல்மண் வேண்டுமாம், அரகோனைட் என்கிறார்கள். தண்ணீர் புளிக்க ஆரம்பித்தால் அது கொஞ்சம் கரைந்து சரிசெய்யுமாம். அதுவரை எனக்குச் சம்மதம்தான்.

ஆனால் ரவை மாதிரி நைசான மண்ணாகப் போட வேண்டும், அதையும் ஐந்து அங்குலம் போட வேண்டும் என்கிறான். "மேல பாத்தா பால் மாதிரி வெள்ளையா இருக்கும்மா. அடியில காத்துப் போகாத எடத்துல ஒரு கிருமி வளரும். அது தண்ணில இருக்கிற அழுக்கத் தின்னுரும்."

காற்றுப் போகாத இடம். முப்பது வருடமாக நான் மண்ணோடுதான் மாரடிக்கிறேன். நைஸ் மண் அடைத்துக்கொண்டால் உருகிய இரும்பின் ஆவி வெளியே போக வழி இருக்காது. வார்த்தெடுத்த காஸ்டிங் மேலே வழவழவென்று கண்ணாடியாட்டம் வரும். கடைசல் மெஷினில் போட்டுச் சீவிய பிறகுதான் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருப்பது தெரியும். முதல்முதலில் பெரிய கம்பெனி ஒன்றுக்கு அனுப்பிய லோடு முழுசும் அப்படித்தான் திரும்பி வந்தது.

இதையெல்லாம் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. "செரி கண்ணு, உனக்குத் தோணறபடி பண்ணு" என்றேன்.

"நெசமாவா? உனக்கு இதுல ஒண்ணும் சொல்ல இல்லியா?"

"எனக்கென்ன தெரியும்."

அவன் போனை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். ராத்திரி சாப்பிட வரவில்லை. சரி என்றுதானே சொன்னேன், அதில் என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை.

ஜூலை 30, புதன்

ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன். மண் பரிசோதிக்கிற அறையில் இரண்டு கண்ணாடி ஜாடி எடுத்தேன். ஒன்றில் பவுண்டரி நைஸ் மண் ஐந்து அங்குலம். இன்னொன்றில் சோளக்குருணை மாதிரி பெரிய மண் ஒரு விரல் உயரம். இரண்டிலும் அடியில் உரித்த இறால் துண்டு ஒன்று. உப்புத் தண்ணீர் ஊற்றி மூடி, மண் மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மருதாசலம் எட்டிப் பார்த்து, "ஊறுகாயுங்களா?" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் செய்தேன். நவநீதன் இரண்டு வாய் சாப்பிட்டான்.

நைஸ் மண் ஜாடி அடியில் கறுத்துவிட்டது. குச்சியை விட்டுக் கிளறினேன். கெட்டுப்போன முட்டை நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். இன்னொரு ஜாடியில் இறால் அழுகித்தான் இருந்தது, ஆனால் மண் வெள்ளையாகவே இருந்தது.

அந்த நாற்றம் தொட்டித் தண்ணீரில் கலந்தால் அதில் ஒன்றும் பிழைக்காது. நான் ஜாடியைக் கவிழ்த்துக் கழுவி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேச்சு ஒன்றுமில்லை. மூன்று இட்லி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மண்ணுக்கு ஆர்டர் போடப் போகிறானாம். நைஸ் மண். சொத்தில் பாதியை மண்ணாக வாங்கிப் போட்டாலும் எனக்குக் கவலை இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அந்தத் தொட்டி அடியிலிருந்து கெட்டு, அவன் காலையில் இறங்கி வந்து பார்த்தால் என்ன ஆவது? இப்போது சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம்.

அண்ணனுக்கு போன் போட்டேன். "மண்ணுதானே, எந்த மண்ணாயிருந்தா என்ன? வாய மூடிக்கிட்டு இரு" என்றார்.

டாக்டரம்மாவுக்குப் போட்டேன். அவர்கள் கேட்டது இதுதான்: "அவருக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அதைத்தான் நான் மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காபி கொண்டுபோய் வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "நவநீ, அந்த நைஸ் மண்ணு வேண்டாம். நெம்பத் தப்பு."

நிமிர்ந்து பார்த்தான். "ஏன்?"

ஜாடி விஷயத்தைச் சொன்னேன். கறுத்தது, நாறியது, எல்லாவற்றையும் சொன்னேன். காஸ்டிங் ஓட்டை விஷயத்தையும் சொன்னேன். பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"எப்ப பண்ணுன?"

"போன வாரம்."

"அப்ப போன வாரமே உனக்குத் தெரியும். தெரிஞ்சுபோட்டும் செரி செரின்னு தலையாட்டிட்டு இருந்திருக்கிற." அவன் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "எல்லாரும் இப்பிடித்தான் பண்றீங்க. மாமா நான் என்ன சொன்னாலும் சிரிக்கறாரு. மருதாசலண்ணன் என்னப் பாத்தா பீடியக் கீழ போட்டுட்டு எந்திரிச்சு நிக்கறாரு. நான் என்ன, ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற நோயாளியா?"

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

தாழ்ப்பாள் இல்லை என்று எனக்குத் தெரியும். மாத்திரை என்னிடம் என்று தெரியும். இருந்தாலும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பருப்பு தீய்ந்தது, எழுந்து போகவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறேன், சத்தம் இல்லாவிட்டால் கதவருகே போய்க் காது வைக்கிறேன். கதவைத் தள்ளித் திறக்க இரண்டு முறை கையை வைத்தேன். திறக்கவில்லை. திறந்தால் அவன் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். என் வாழ்நாளில் இவ்வளவு நீளமான காலைப்பொழுது பார்த்ததில்லை.

கதவு திறந்தது. என்னைப் படியில் பார்த்ததும் நின்றான்.

"இறாலு எதுக்கு வெச்ச?"

"ஆங்?"

"அடியில இறாலப் பொதச்சு வெச்சா எந்த மண்ணா இருந்தாலும் கறுக்கும். தொட்டிக்குள்ள எவனாவது இறாலப் பொதைப்பானா? ரெண்டு ஜாடிலயும் மண்ணு ஒரே ஒசரம் போட்டியா?"

"இல்ல. ஒண்ணுல அஞ்சு அங்குலம், ஒண்ணுல ஒரு வெரலு."

"அப்பறம் எப்பிடிம்மா ஒத்துப் பாப்ப? நீயெல்லாம் எப்பிடி மண்ணு டெஸ்ட் பண்ணி இரும்பு ஊத்தற?"

முப்பது வருட அனுபவத்தை ஒரே வாயில் கவிழ்த்துவிட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "வாடா கீழ. நீயே வந்து போட்டுப் பாரு" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாலு ஜாடி வைத்திருக்கிறான். நைஸ் மண் ஒரு விரல், நைஸ் மண் ஐந்து அங்குலம், பெரிய மண் ஒரு விரல், பெரிய மண் ஐந்து அங்குலம். இறால் கிடையாது, மேலே கொஞ்சம் மீன் தீனி மட்டும், தொட்டியில் போடுவது போலவே. எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டியிருக்கிறான். மருதாசலத்திடம், "அண்ணா, நான் வந்தா எந்திரிக்காதீங்க" என்று சொன்னானாம். மருதாசலம் என்னிடம் வந்து, "நான் இப்ப எந்திரிக்கறதுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. அண்ணனுக்குத் திருப்தி.

ஜாடிகளைப் பார்த்தோம். நைஸ் ஐந்து அங்குலத்தில் அடியில் சாம்பல் கோடு ஓட ஆரம்பித்திருக்கிறது. மற்ற மூன்றிலும் இல்லை. "மாசக்கணக்குல விட்டா புழு பூச்சியெல்லாம் வந்து அந்த மண்ணும் செட்டாயிரும். ஆனா அது வரைக்கும் தாங்கணும்" என்றான். அவனும் முழுசாகத் தோற்கவில்லை, நானும் முழுசாக ஜெயிக்கவில்லை. பெரிய மண் அதிகமாகப் போட்டாலும் கஷ்டமாம், மீன் கழிவெல்லாம் சந்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளுமாம்.

முடிவு: பெரிய குருணை, ஒரு விரல் உயரம். பவளமெல்லாம் பாறை மேல்தான் ஒட்டியிருக்கும், மண்ணில் அதற்கு வேலை இல்லை.

இதற்குள் அண்ணன், தூத்துக்குடிப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், பவளக்கல்லை நொறுக்கி மூட்டையாகவே அனுப்புவார் என்றார். நவநீதன் முகம் மாறிவிட்டது. "மாமா, கடல்ல இருந்து அத எடுக்கறது குத்தம். செயிலுல போடுவாங்க. நான் அத வளக்கறக்குத் தொட்டி வெக்கறேன், நீங்க அதையவே நொறுக்கிக் கீழ போடச் சொல்றீங்க." அண்ணன் சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல், "அப்பிடியா, எனக்குத் தெரியாது தம்பி" என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

மண் வந்தது. கடைக்காரன் ஏமாற்றியிருப்பானோ என்று ஒரு பிடி எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நுரைத்தது. சுண்ணாம்புதான். பவுண்டரி மண்ணில் பிழிந்தேன், சும்மா நனைந்தது. நவநீதன் பார்த்துக்கொண்டே நின்று, "இது மட்டும் ஒழுங்கான டெஸ்ட்டு" என்றான்.

அலசி அலசி ஊற்றினோம். கை முழுக்கப் பால் மாதிரி ஒட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீர் கலந்து நிரப்பி பம்ப் போட்டோம். ஆபீஸ் பூராவும் கடல் வாசம்.

செப்டம்பர் 6, சனி

தொட்டியில் இன்னும் ஒன்றும் இல்லை. வெறும் பாறை, மண், தண்ணீர். தண்ணீர் பழக வேண்டுமாம். பில் வாங்க வருகிறவர்கள் எல்லாம் "மீன் எங்கீங்க?" என்று கேட்கிறார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

மண்ணெல்லாம் பழுப்புப் பாசி. நான் பயந்துவிட்டேன். அது வந்து போகும் என்றான். மூன்று தோசை, கொஞ்சம் எரிச்சல்.

செப்டம்பர் 19, வெள்ளி

பெங்களூர் பையன் தெர்மக்கோல் பெட்டியில் எல்லாவற்றையும் பஸ்ஸில் போட்டு அனுப்பினான். அதை வாங்க காந்திபுரத்துக்கு நவநீதனே போனான். இங்கே வந்ததிலிருந்து வீட்டையும் பவுண்டரியையும் தாண்டி வெளியே போனது இதுதான் முதல் தடவை. மருதாசலம் வண்டி ஓட்டினார். அவர்கள் திரும்பி வரும் வரை வாசலுக்கும் ஆபீஸுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு உலை இரும்பை ஊற்றும்போது மேற்பார்வை பார்க்காமல் விட்டேன். இந்தப் பவுண்டரியில் அப்படி நடந்ததே இல்லை.

நாய்க்குடை, விரல்களை மூடித் திறக்கும் பவளம், பச்சைப் பொத்தான் மாதிரி ஒரு கூட்டம். கோமாளி மீன் ஜோடி. எல்லாம் உயிரோடு வந்தன.

செப்டம்பர் 24, புதன்

நாய்க்குடை சுருங்கி, மேலே மெழுகு பூசியது போல் ஆகிவிட்டது. ஒரு பூ இல்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். நவநீதனிடம் கேட்க பயம். அவனாகவே சொன்னான். "தோலு உரிக்குதும்மா. புது எடத்துக்கு வந்தா இப்பிடித்தான் கொஞ்ச நாளு மூடிட்டுக் கெடக்கும். நோண்டக் கூடாது. தண்ணி ஓட்டம் மட்டும் நல்லா இருக்கணும்."

நான் கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

விரிந்துவிட்டது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. எங்கள் பவுண்டரியில் இதுதான் தீபாவளி. மெஷின், சல்லடை, கரண்டி, பெட்டி எல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தோம். பொரி, கடலை, சுண்டல். ஆட்களுக்கெல்லாம் துணி கொடுத்தேன்.

நவநீதன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. இத்தனை பேர் முன்னால் வந்து நிற்க அவனால் முடியாது என்று விட்டுவிட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். வெள்ளை வேட்டி. நான் கற்பூரத் தட்டை அவன் கையில் கொடுத்தேன். எல்லா மெஷினுக்கும் அவனே காட்டினான். கடைசியில் ஆபீஸுக்கு வந்து தொட்டிக் கண்ணாடிக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தான். "பம்ப்புக்கும் வெய்ங்க தம்பி, அதுவும் மெஷினுதானுங்களே" என்று மருதாசலம் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், சத்தமாக.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இதைவிட வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவன் களைத்துப்போய் மாடியில் படுத்துவிட்டான். ஆட்கள் போனதும் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு வந்தேன். சந்தோஷமாகத் தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

தள்ளிப்போடாமல் இன்றே எழுத வேண்டும்.

ஆயுத பூசை முடிந்தால் மெஷின்களுக்கு ஓய்வு. விஜயதசமி காலையில் மறுபடி பூசை போட்டுத்தான் ஓட்டுவோம். பூசை முடிந்ததும் மெயின் சுவிட்சைக் கீழே இறக்குவது என் வேலை. வீட்டுக்காரர் போனதிலிருந்து நானேதான் இறக்குகிறேன். நேற்றும் இறக்கினேன். ஆபீஸைப் பூட்டப் போனபோது யூ.பி.எஸ். கீச் கீச் என்று கத்திக்கொண்டிருந்தது. வருடா வருடம் அப்படித்தான் கத்தும், வருடா வருடம் அணைப்பேன். நேற்றும் அணைத்தேன். தொட்டி கண்ணெதிரே இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அவன் வைத்த சந்தனப் பொட்டைப் பார்த்து, பூரித்துப்போய், தொட்டி பம்ப்பும் அதில்தான் ஓடுகிறது என்பதை மறந்து, கதவைப் பூட்டிக்கொண்டு போனேன்.

காலையில் ஆபீஸ் கதவைத் திறந்ததும் வாடை. தண்ணீர் கலங்கி அசையாமல் நின்றது. ஒரு மீன் அடியில் பக்கவாட்டில் கிடந்தது. இன்னொன்று மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது. விரல் பவளம் கரைந்து கூழாகத் தொங்கியது. நாய்க்குடை நனைந்த துணி மாதிரி சரிந்து கிடந்தது.

பின்னால் வந்த மருதாசலம் பார்த்துவிட்டு, மெதுவாக, "ட்ரான்ஸ்பார்மரு போச்சுன்னு சொல்லிப்போடலாமுங்க. தம்பிக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

அவருக்கும் அதே பயம்தான். நானும் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. மின்வாரியத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். அவனுக்கு என் மேல் கோபம் வராது. யார் மேலும் கோபப்பட முடியாமல் மறுபடி அந்த அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வான். அதை நினைத்ததும் படி ஏறிவிட்டேன்.

"நவநீ, எந்திரி. தொட்டி கெட்டுப்போச்சு. நாந்தான் மெயின எறக்கிப்போட்டேன். யூ.பி.எஸ்ஸையும் நாந்தான் அணைச்சேன்."

ஒரு கணம் என்னையே பார்த்தான். பிறகு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். அவன் குனிந்து தொட்டியைப் பார்க்க, நான் மெயினை ஏற்றக் கையைத் தூக்கினேன்.

"கை வெக்காதே!"

பவுண்டரியே அதிர்ந்தது. கத்தினது நவநீதன். ஆனால் அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். என்னுடையதுதான்.

"மூளை இருக்குதா உனக்கு? ராத்திரி பூரா ஃபில்டருக்குள்ள நின்ன தண்ணி அத்தனையும் வெசம். இப்ப பம்ப்பப் போட்டா அந்த வெசத்தையெல்லாம் உள்ள தள்ளும். மிச்சம் இருக்கறதும் போயிரும். மொதல்ல ஃபில்டரக் கழட்டிக் கொட்டோணும். அந்த உப்புத்தண்ணி ட்ரம்ம உருட்டிட்டு வாங்கண்ணா. அம்மா, ஏன் நிக்கற, வாளி எடு!"

"கத்தாதடா, எடுக்கறேனில்ல! எனக்கும் ரெண்டு கைதான் இருக்குது!"

"ரெண்டு கையிருந்துதான் மெயின எறக்குன!"

"ஆமா எறக்குனேன்! இருவது வருசமா எறக்கறேன்! ஒரு சீட்டெழுதி ஒட்டறதுக்கு என்ன? ஜாடிக்கெல்லாம் ஒட்டத் தெரியுதில்ல?"

விஜயதசமிப் பூசைக்குப் புதுச் சட்டையில் வந்த ஆட்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. மருதாசலம் ட்ரம்மை உருட்டிக்கொண்டே வாய்க்குள் சிரித்தார் என்று எனக்குச் சந்தேகம்.

ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தோம். குழாய் வைத்துப் பழைய தண்ணீரை இறக்கினோம், புதியதை ஏற்றினோம். காற்றுக்குமிழ் போட்டான். கரைந்துபோன பவளத்தைக் கத்தரித்து எடுத்தான். எடுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான், திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. குழாயை மண்ணுக்குள் சொருகி நாலு இடத்தில் கிளறிப் பார்த்தான். அடி வரை வெள்ளை. கறுப்பு இல்லை, நாற்றம் மேல் தண்ணீரில்தான். "நைஸ் மண்ணு அஞ்சு அங்குலம் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் வேலையைப் பார்த்தான். நானும் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. இரண்டு முறை வாய் வரை வந்தது, அடக்கினேன்.

மத்தியானத்துக்கு மேல் மீன் இறங்கி நீந்த ஆரம்பித்தது. பொத்தான்கள் ஓரத்தில் ஒன்றிரண்டு திறந்தன. நாய்க்குடை சரிந்தேதான் கிடக்கிறது. பிழைக்குமா என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும், அதப் போய் கேளு" என்றான். அவன் அப்பாவும் இப்படித்தான் எரிந்து விழுவார்.

சாயங்காலம் இருவரும் ஆபீஸ் தரையில் ஈரத்திலேயே உட்கார்ந்து நேற்றைய பொரியைத் தின்றோம். அவன் தோள் வரை உப்புப் பூத்திருந்தது. காலையிலிருந்து திட்டித் திட்டிக் குரல் கட்டிவிட்டது. கடைசியாக ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்.

"அடுத்த வருசம் ஆயுத பூசைக்கு மெயின் சுச்சுப் பக்கமே நீ வரக்கூடாது. நானே நின்னு எறக்குவேன். தொட்டிக்குத் தனி லைன் இழுத்துட்டுத்தான் எறக்குவேன்."

ஆறு மாதமாகத் தன் நாளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன், அடுத்த வருடம் என்றான். அவனுக்கே தெரியாமல் சொன்னான்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.